பன்னிரண்டு அடி வழி

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று மூன்றாவது நாளாக வீசிக்கொண்டிருந்தது; பனி இல்லை, மண் காய்ந்து கிடந்தது. அந்த நேரத்தில்தான் முப்பது மீட்டர் டேப்பின் நுனியை என் மனைவியின் கையில் கொடுத்து, தார் ரோட்டின் விளிம்பில் குனிந்து பிடிக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, நான் என்ன சர்வேயருங்களா?" என்றாள்.

"பேசாமப் புடி. அசைஞ்சா ரெண்டு சென்டிமீட்டர் போயிரும்."

"போனா என்ற ஊட்டுதா போகுது? கெவுர்மெண்டுதுதானுங்க."

கோவிந்தாபுரத்துச் சோதனைச் சாவடியிலிருந்து நான்கு கிலோமீட்டர் மேற்கே, எல்லை தாண்டி மலையாளப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எனக்கு எழுபத்து நான்கு வயது. அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு முப்பத்தோரு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது எனக்குப் பழக்கம். படிக்கட்டு, மாத்திரை, பேருந்தில் நிற்பவர்கள், தென்னையில் குலைகள், எதையும் எண்ணாமல் கடக்க முடியாது. எண்ணிக்கை ஒன்று குறைந்தால் வேறு வேலை ஓடாது.

இது ஊருக்கே தெரியும். அதனால்தான் டிசம்பரில் நடந்த கிராம சபையில், பஞ்சாயத்தின் ஆஸ்தி ரெஜிஸ்டரைப் புதுப்பிக்க வார்டுக்கு ஒருவர் வேண்டும், சம்பளம் கிடையாது என்று அறிவித்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பொதுவுக்குச் சொந்தமான ரோடு, கிணறு, பாலம், கட்டடம் எல்லாவற்றையும் அளந்து, நிலைமை எழுதி, மதிப்புப் போட்டு ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த புதுப்பிப்பு ஐந்து வருடம் கழித்து. அப்போது எனக்கு எழுபத்தொன்பது. ஒப்புக்கொண்டேன்.

நான் ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சமயத்தில் செய்தித்தாளில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். ஒரு நாடு வருடத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது, கையில் என்ன வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், மக்களிடம் இருப்பதையும் அரசிடம் இருப்பதையும் தனித்தனியாக மதிப்பிட்டுக் கூட்டினால்தான் நிலைமை தெரியும் என்பது அதன் சாரம். எனக்கு அது சரியென்று பட்டது. கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டே வீட்டு நகையை விற்றுத் தின்றவர்களை எனக்குத் தெரியும். சம்பளச் சீட்டில் அது தெரியாது.

நாட்டின் கணக்கு என்று ஒன்று இருந்தால் அது எங்கள் வார்டிலிருந்தும்தானே தொடங்க வேண்டும். நான் இங்கே கல்வெர்ட் என்கிற சிறுபாலம் ஒன்றை விட்டுவிட்டால் டெல்லியில் கூட்டுத்தொகை தப்பாகிவிடும் என்ற கவலையோடு வேலையைத் தொடங்கினேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கணக்கு அப்படித்தான்.

முதல் வாரத்தில் மூன்று கல்வெர்ட், ஒரு பொதுக் கிணறு, ஓர் அங்கன்வாடி, ஒரு பேருந்து நிழற்குடை, பதினான்கு தெருவிளக்குகள் முடிந்தன. விளக்குகளில் ஒன்பதுதான் எரிந்தன, அதையும் எழுதினேன். நீளம், அகலம், நிலைமை எல்லாம் சரி. கடைசிப் பத்தியில் மதிப்பு என்று இருந்த இடத்தில்தான் பேனா நின்றது. கிணற்றுக்கு என்ன விலை போடுவது? நாற்பத்திரண்டு அடி ஆழம், அன்றைக்கு இருபத்தேழு அடி தண்ணீர். எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. என் தம்பி மூன்று ஆழ்துளைப் போர் போட்டு மூன்றிலும் தண்ணீர் வராமல் புகை மட்டும் பார்த்தவன். அந்த மூன்றின் செலவைக் கூட்டி இந்தக் கிணற்றுக்குப் போடலாமா என்றுகூட யோசித்தேன். முடிவு தெரியாமல் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த கிளார்க் ஒரு மலையாளப் பெண், முப்பது வயதிருக்கும். எங்களிடம் பேசும்போது தமிழுக்கு இறங்கி வருவாள்.

"கிணறு வெட்டின செலவுக் கணக்கு உண்டோ சாரே?"

"இல்லை. எங்க அப்பா காலத்துக்கும் முந்தினது."

"பின்னே ஒரு ரூபா."

"என்ன ஒரு ரூபா?"

"விலை தெரியாத ஆஸ்திக்கு எல்லாம் ஒரு ரூபா எழுதினா மதி, போதும். கம்ப்யூட்டர்ல சைபர் ஏறாது. அதுக்காக ஒண்ணு."

"அறுபது குடும்பம் தண்ணி எடுக்கற கிணறும்மா."

"சார் வேணும்னா ரெண்டு ரூபா எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் ஒரு ரூபாய் என்று எழுதினேன். பேருந்து நிழற்குடைக்குச் செலவுக் கணக்கு இருந்ததால் அதற்கு லட்சத்தில் வந்தது. மழைக்கு ஒழுகும் நிழற்குடை லட்சங்களில், வற்றாத கிணறு ஒரு ரூபாய்.

ஜனவரி 9ஆம் தேதி மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தார் ரோட்டிலிருந்து தெற்கே பிரிந்து, பதினோரு வீடுகள் இருக்கும் இடத்தில் முடியும் பொது வழி. அதன் மேற்கே முழுநீளத்துக்கும் கான்கிரீட் கட்டிய வாய்க்கால். கிழக்கே முதலில் என் தம்பியின் நிலம், அதைத் தொட்டு என் நிலம், அதற்கப்பால் மேட்டுக் காடு. எங்கள் வீட்டு வாசல் எதிர்ப் பக்கத்து ரோட்டில் இருப்பதால், எனக்கு இந்த வழியில் நடக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. என் வேலியின் மறுபக்கத்தை நான் வருடக்கணக்கில் பார்த்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மை அதுதான்.

நீளம் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் வந்தது. அகலத்தைப் பத்து மீட்டருக்கு ஓர் இடமாக இருபத்திரண்டு இடங்களில் அளக்கத் தொடங்கினோம். ஐந்தாவது இடத்தில் குனிந்துகொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"வாத்தியாருங்க, சித்த வழிய உடுங்க. பால் திரிஞ்சா நீங்க காசு குடுப்பீங்களா?"

கடைசி வீட்டுப் பெண். ஐம்பது கடந்தவள். நான்கு மாடு வைத்திருக்கிறாள். தலையில் ஒரு கேன், இடுப்பில் ஒரு கேன். வேலிச் செடிகள் பாதி வழியை அடைத்திருந்ததால், நாங்கள் இருவரும் வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றும் அவளால் கடக்க முடியவில்லை. என் மனைவியின் சேலை முள்கம்பியில் மாட்டிக்கொண்டது. கடைசியில் அவள்தான் வாய்க்கால் சுவரின் மேல் ஒரு காலை வைத்து, இருபத்தெட்டு லிட்டர் பாலோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். போனவள் நின்று திரும்பினாள்.

"எத்தன அடிங்க வந்துச்சு?"

"ஒரு மீட்டர் தொண்ணூத்தாறு. ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவு."

"எங்க மாமியா கல்யாணமாயி வந்தப்ப இதுல ரெட்டை மாட்டு வண்டி வந்துச்சாமுங்க. வண்டி பெருத்துப் போச்சா, வழி சிறுத்துப் போச்சான்னு நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லோணும்."

"பழைய ரெஜிஸ்டர்ல பன்னெண்டு அடின்னு இருக்குது."

"அப்படிங்களா. மிச்சம் அஞ்சரை அடிய ஆரு தின்னாங்களோ," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வேலியைப் பார்த்துச் சொன்னாள்.

அவளுக்கு அதில் என்ன இருந்தது என்பதைப் போகிற போக்கில் அவளே சொன்னாள். படிவத்தில் மூன்று மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அது ரோடு, குறைந்தால் நடைவழி. ரோடு என்று பதிவானால் பால் சொசைட்டியின் வண்டி வீட்டு வாசலுக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம். நடைவழி என்றால் வராது, கான்கிரீட்டும் கிடையாது. அவள் காலையும் மாலையும் பாலைச் சுமந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறாள். வலது முழங்காலைக் காட்டி, டாக்டர் இனிமேல் சுமக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாள். வண்டி வராவிட்டால் மாடுகளை விற்றுவிட வேண்டியதுதான். நான்கு மாடுகள் போனால் அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை.

அவள் போன பிறகு மிச்ச இடங்களையும் அளந்து முடித்தோம். முதல் நூற்று நாற்பது மீட்டருக்கும் ஒரே அளவு, ஒன்று தொண்ணூற்றாறு. அதாவது தம்பி நிலம் ஐம்பத்திரண்டு மீட்டர், என் நிலம் எண்பத்தெட்டு மீட்டர். எங்கள் வேலி முடிந்த அடுத்த அடியிலேயே வழி மூன்றரை மீட்டருக்கு மேல் விரிந்தது.

நின்று பார்த்தேன். வேலிக்கு உள்ளே, கம்பியிலிருந்து ஐந்தரை அடி தள்ளி, பனைகள் ஒரே கோட்டில் நின்றன. பதினான்கு. எனக்குத் தெரிந்த எண்ணிக்கைதான். ஆனால் அவை எங்கே நிற்கின்றன என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் ஆதாரத்தை, அதாவது நிலப் பத்திரத்தை, எடுத்தேன். மேற்கெல்லை பனை வரிசை, அதற்கு மேற்கே பன்னிரண்டு அடி பொது வழி என்று எழுதியிருந்தது. ஆறு முறை படித்தேன். ஆறு முறையும் அதுவே இருந்தது.

இந்தப் பக்கத்தில் எல்லையோரம் பனை வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பனை யாருடையதோ மட்டையும் அவருடையது. மட்டை எங்கே விழுகிறதோ அதுவரைக்கும் பனைக்காரன் போய் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் போய்ப் போய் எடுத்த இடம், பேச்சில் மெல்ல மெல்லப் 'பனைக்காரன் இடம்' ஆகிவிடும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவரும் திருடுவதாக நினைத்துச் சொல்வதில்லை.

"வேலி எப்ப அங்க போச்சு?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை. "நீங்கதானுங்க நட்டீங்க. தொண்ணூத்தொண்ணுல. செங்கச் சூளைக்காரங்க மட்டைக்குக் காசு குடுத்தாங்கல்ல, அந்த வருசம். வழியில உளுந்ததை ஆரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சண்ட. மட்டை நுனி உளுவற எடத்துல கயிறு புடிச்சு நேரா நட்டோணும்னு நின்னீங்க. குழி பாதி நான்தான் தோண்டுனேன்."

நினைவுக்கு வந்தது. கயிறு பிடித்து நட்டதும் நினைவுக்கு வந்தது. ஐம்பத்தேழு கல் தூண்கள், இரண்டரை மீட்டர் இடைவெளி. ஒன்றுகூடக் கோடு விலகவில்லை என்று பெருமைப்பட்டதும் நினைவுக்கு வந்தது.

அன்று பகல் முழுவதும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடி என்றால் மூன்று மீட்டர் அறுபத்தாறு. இப்போது இருப்பதைக் கழித்தால் ஒரு மீட்டர் எழுபது. அதை நூற்று நாற்பதால் பெருக்கினால் இருநூற்று முப்பத்தெட்டு சதுர மீட்டர். ஐந்து புள்ளி எட்டு எட்டு சென்ட். அதில் என் பக்கம் மூன்று புள்ளி ஏழு. தம்பி பக்கம் இரண்டு புள்ளி ஒன்று எட்டு. அங்கே சென்ட் எழுபதாயிரத்துக்குப் போகிறது. நான்கு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு ரூபாய்.

அப்புறம்தான் எனக்கு அந்தக் கட்டுரை ஞாபகம் வந்தது. இந்த வழி வேலிக்கு வெளியே இருக்கும்போது அதன் மதிப்பு ஒரு ரூபாய். வேலிக்கு உள்ளே வந்ததும் அதே மண் நான்கு லட்சத்துச் சொச்சம். நான் கல்லை நகர்த்தியதால் அரசின் பக்கத்தில் ஒன்றும் குறையவில்லை. முன்பும் ஒரு ரூபாய், பின்பும் ஒரு ரூபாய். மக்களின் பக்கத்தில் நான்கு லட்சம் கூடியது. இரண்டையும் கூட்டினால், நான் வேலி போட்டதால் நாடு பணக்கார நாடாகியிருக்கிறது. கூட்டலில் பிழையே இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். பிழையே இல்லாத கணக்கு ஒன்று இத்தனை பொய்யாக இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு மூன்று வழிகள் இருந்தன. இருக்கிறபடி ஒன்று தொண்ணூற்றாறு என்று எழுதலாம். அது உண்மை, ஆனால் வழி நிரந்தரமாக நடைவழியாகிவிடும், என் வேலிக்குப் பஞ்சாயத்தே முத்திரை வைத்த மாதிரி. பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துப் பன்னிரண்டு அடி என்று எழுதலாம், அது பொய். மூன்றாவது, பன்னிரண்டு அடி என்று எழுதுவது, முப்பத்தொன்றுக்கு முன் அதை உண்மையாக்குவது. மூன்றாவதற்கு எதிரே பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை தம்பியைப் பார்க்கப் போனேன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். கடைசியாகப் போட்ட போருக்குப் பக்கத்தில், ஓடாத மோட்டாரின் மேல் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தான். போர்க் கடனை அடைக்க, வழியை ஒட்டிய தன் நாற்பது சென்டைப் பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு விற்கப் பேசி, இரண்டு லட்சம் அட்வான்ஸ் வாங்கியிருந்தான். நான் சொன்னதை முழுவதும் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, போன வருசம் சர்வேக்காரங்க கருவி வெச்சு அளந்துட்டுப் போனாங்கல்ல. வேலி வரைக்கும் நம்முதுன்னு வந்துருச்சு. இனி எதுக்குங்க குட்டையக் குழப்பறீங்க?"

"அவங்க இருக்கறதை அளந்தாங்க. எப்படி வந்துச்சுன்னு அளக்கல. ஆட்சேபம் குடுக்க இன்னும் டைம் இருக்குது."

"நம்ம எடத்துக்கு நாமளே ஆட்சேபமா? ஊர்ல கேட்டாச் சிரிப்பாங்க."

"மட்டை விழுந்த இடம் நம்ம இடம் ஆகாதுடா."

"இத்தன வருசமா ஆச்சுங்களே."

 பிறகு தினத்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டான். "தொண்ணூத்தாறுல பாகம் பிரிச்சமே, அன்னிக்கு அளந்தது ஆருங்க?"

"நான்தான்."

"எங்கிருந்து அளந்தீங்க?"

கல் தூணிலிருந்து அளந்தேன். பனையிலிருந்து அளக்கவில்லை. அவன் கேட்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை.

"நான் டேப்ப எட்டிக்கூடப் பாக்கலீங்கண்ணா. கணக்கு வாத்தியாரு அளந்தா நாம என்ன பாக்கறதுன்னு, நீங்க காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேன். இப்ப ரெண்டு சென்ட் நம்முது இல்லைங்கறீங்க. அது என்ற பாகத்துல எப்படி வந்துச்சு? நான் வேலி நட்டனா? அந்த வருசம் நான் திருப்பூர்ல கம்பெனியில இருந்தேன்."

 "யோசிச்சு வெய்யி," என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க வேண்டியது நான்தான் என்று வரும் வழியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பொது வழியைப் பொதுவுக்குக் கொடுக்க நான் எதற்கு ஒருவனுக்குப் பணம் கொடுக்க வேண்டும்? நான் முதலில் என் வேலியை எடுத்தால் அவனும் வெட்கப்பட்டு எடுப்பான் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

பதினைந்தாம் தேதியும் பதினாறாம் தேதியும், பொங்கல் என்றும் பாராமல், வடக்கத்தி ஆட்கள் மூவரை வைத்து என் எண்பத்தெட்டு மீட்டர் வேலியைப் பிடுங்கிப் பனைக் கோட்டுக்கு மாற்றினேன். துருப்பிடித்த கம்பி தொட்டாலே உதிர்ந்தது. பதினேழாம் தேதி காலை பால்காரப் பெண் கேன்களோடு வந்து நின்று, விரிந்து கிடந்த வழியை இரண்டு பக்கமும் பார்த்தாள். தம்பியின் நிலம்தான் தார் ரோட்டை ஒட்டியிருக்கிறது என்பதை இங்கே மறுபடி சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்குதுங்க வாத்தியாரே. பொட்டிக்குள்ள ரோடு போட்டுப் பூட்டி வெச்சாப்பல இருக்குது."

"தம்பிகிட்டப் பேசிட்டு இருக்கறேன்."

"பேசுங்க, பேசுங்க. அது வரைக்கும் வண்டிய ஆகாசத்துல இருந்து எறக்கச் சொல்றேன்." நடந்தவள், கொஞ்ச தூரம் போய் நின்று, கேனை இறக்கி வைத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரம் நின்றாள் என்று எண்ணினேன். நூற்றுப் பத்து வரை எண்ணினேன்.

தம்பி வெட்கப்படவில்லை. அவன் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளில் பாதி தருகிறேன் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "பாதித் தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுங்க, பாதி வாங்கிக்கறேன்," என்றான். எழுத உட்கார்ந்தேன். அவன் செய்த பாதித் தப்பு என்ன என்று எழுத எனக்கு ஒரு வரியும் வரவில்லை.

தம்பியின் இரண்டு புள்ளி ஒன்று எட்டு சென்டுக்கு முழு விலையும் கொடுக்க வங்கியில் டெபாசிட் இருந்தது. மாடிப்படி ஏற முடியாமல் போவதற்கு முன் கீழேயே குளியலறையோடு ஓர் அறை கட்ட வைத்திருந்தது. மனைவியிடம் சொல்லத் தயங்கிக்கொண்டு, சமையலறை வாசலில் நின்றேன்.

"எத்தனைங்க?" என்றாள் அவளே.

"ஒண்ணு அம்பத்தி ரெண்டு அறுநூறு."

"அறை?"

"ஒரு வருசம் தள்ளிப் போகும். ரெண்டும் ஆகலாம்."

அடுப்பைச் சிறிதாக்கினாள். "அளந்தது நீங்க. தண்டமும் நீங்கதான் அழுவோணும். அந்தப் புள்ளை வாய்க்காச் செவுத்துல கால் வெச்சுப் போனா பாருங்க, அன்னிக்கே நெனச்சேன், இது நம்ம தலையிலதான் விடியும்னு. போயிக் குடுத்துட்டு வாங்க. நடுவுல பேரம் பேசிட்டு நிக்காதீங்க."

இருபத்து மூன்றாம் தேதி பணம் கொடுத்தேன். இரண்டு புள்ளி ஒன்று எட்டு சென்ட் பொது வழிக்குச் சேர்ந்தது, பாகத்தில் தவறாக அளந்து சேர்த்ததற்கு ஈடாக இந்தத் தொகை பெற்றுக்கொண்டேன் என்று முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். 'தவறாக அளந்து' என்ற வார்த்தைகளை நான்தான் சேர்க்கச் சொன்னேன். பத்திரம் எழுதியவர் இரண்டு முறை கேட்டார்.

தம்பி நோட்டுகளை எண்ணினான். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

"நான் எண்ணித்தான் கொண்டுவந்தேன்," என்றேன்.

"தெரியுமுங்கண்ணா. போன தடவை நீங்க அளந்து குடுத்தீங்கன்னு உட்டேன். அதனாலதான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் அந்த மாதத்தில் வந்த முதல் சிரிப்பு அது. பொள்ளாச்சிக்காரரிடம் அளவு குறைந்ததை அவனே போனில் சொல்லிவிட்டான்.

அடுத்த இரண்டு நாளில் அவன் பக்கமும் முடிந்தது. தூண்களைப் பிடுங்கும்போது ஐம்பத்தேழில் ஒன்பது உடைந்தன. புதிதாக வாங்க வேண்டுமோ என்று பயந்தேன். பனைகளே கோட்டில் நின்றதால் கம்பியை அவற்றில் ஆணியடித்துக் கட்டினோம். நாற்பத்தெட்டு கல்லும் பதினான்கு பனையும் அறுபத்திரண்டு. தேவைக்கு மேல் ஐந்து. ஜேசிபி வந்து மூன்று மணி நேரத்தில் குழிகளை மூடி மண்ணை நிரவியது.

மனைவியைக் கூப்பிட்டு இருபத்திரண்டு இடங்களையும் மறுபடி அளந்தேன். இருபத்தோர் இடங்களில் மூன்று அறுபத்தாறோ அதற்கு மேலோ வந்தது. ஏழாவது பனையின் அடி பெருத்திருந்த இடத்தில் மட்டும் மூன்று அறுபத்துநான்கு. அந்த இரண்டு சென்டிமீட்டர் என்னைப் படுத்தியது. பனையைச் செதுக்க முடியாது. வாய்க்கால் சுவரை உடைக்க முடியாது. முப்பதாம் தேதி ஆபீசுக்குப் போய், குறைந்த அகலம் மூன்று அறுபத்துநான்கு என்று எழுதி, காரணத்தையும் கீழே நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன். கூடவே போன வருட சர்வே அளவை மாற்றச் சொல்லும் ஆட்சேப மனுவும் தம்பியின் கையெழுத்தும்.

"சாரே, மூணு மீட்டர் மதியல்லோ. இந்தப் பனைக் கதை ஒண்ணும் கம்ப்யூட்டர்ல ஏறாது," என்றாள் கிளார்க்.

"பேப்பர்ல இருக்கட்டும்."

அவள் காகிதத்தைத் திருப்பி முழுவதும் படித்தாள். படித்துவிட்டு ரோடு என்ற பக்கத்தில் பதிந்து, சீல் வைத்து, ரசீது கொடுத்தாள்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பால் வண்டி வந்தது. சிறிய பிக்கப். வேலிக்கு உள்ளே நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் போனது. பால்காரப் பெண் வண்டிக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் கீழே கிடந்த ஒரு பனை மட்டையைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

"வாத்தியாருங்க, இனி இது ஆருதுங்க?"

"வழியில கிடந்தா வழியில போறவங்களுது."

"அப்ப அடுப்புக்கு ஆச்சு," என்று அதை இழுத்துக்கொண்டு போனாள்.   மாடு இப்போது ஐந்து என்று கேள்வி. சரிபார்க்க வேண்டும்.

கேட்கிறவர்கள் எல்லோரும், நிலத்தின் விலையோடு சேர்த்து உங்களுக்கு எவ்வளவு போயிற்று என்றுதான் கேட்கிறார்கள். என் பக்கத்து மூன்று புள்ளி ஏழு சென்டை நான் செலவில் சேர்க்கவில்லை. அது என்னுடையதாக இருந்ததே இல்லை. இல்லாததை இழக்க முடியாது. போனது வேறு. தம்பிக்கு ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூறு. மூன்று ஆளுக்கு நான்கு நாள் கூலி பத்தாயிரத்து எண்ணூறு. முள்கம்பி முப்பத்தைந்து கிலோ, மூவாயிரத்து முந்நூற்று இருபத்தைந்து. ஜேசிபி மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ஆணி நூற்று நாற்பது. ஆட்களுக்கு டீயும் வடையும் அறுநூற்று இருபது. முத்திரைத் தாள் இருநூறு, எழுதியவருக்கு ஐந்நூறு. மொத்தம் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து எண்பத்தைந்து ரூபாய்.